ஆள்மாறிய அமானிதம்

நல்ல எண்ணத்தோடு தொடங்கி, நாணயமாகப் பாடுபட்டு, பல ஆண்டுகள் உழைத்து முடித்த ஒரு காரியம், இறுதியில் தவறான காரியம் என்று தெரியவந்தால் அதற்கு என்ன மதிப்பு? செய்தவர்களைக் குறைசொல்ல வாய் வராது. ஆனால் செய்யவேண்டியது செய்யப்படவும் இல்லை. இந்த வினாவை வெறும் சொற்களால் ஆராயப் புகுந்தால் கரை காண இயலாது. ஆகவே ஒரு மீனின் வரலாற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு சிந்திப்போம். மீனை வைத்து அறம் பேசுவதா என்று சிலர் புன்னகை புரியலாம். புரியட்டும், முழுவதையும் கேட்டபின் அவர்களே முடிவு கட்டட்டும்.

டிரவுட் என்ற பெயர் நமக்கு முற்றிலும் புதியதன்று. நீலகிரிக்குச் சென்றவர்கள் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் அது இருப்பதைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் அங்கே அது விருந்தாளி. தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க விரும்பிய வெள்ளைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் அது. நாம் சொல்லவந்த டிரவுட், தன் சொந்த ஊரிலேயே இடமிழந்த ஒன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், குளிர்ந்து தெளிந்த ஓடைகளில் வாழ்ந்த மீன். ஆங்கிலத்தில் அதனைக் 'கிரீன்பேக் கட்த்ரோட்' என்பர். பச்சை முதுகுடையது, கழுத்தறுபட்டது என்று பொருள். தாடையின் அடியில் கத்தி கீறியதுபோல் இரண்டு செந்நிறக் கோடுகள் ஓடுவதால் வந்த பெயர். வால் நெருங்க நெருங்கக் கரும்புள்ளிகள் மிகும். முட்டையிடும் பருவத்தில் வயிறு சிவந்துவிடும். அழகான மீன்.

அந்த மலைத்தொடரின் அமைப்பைச் சிறிது விளங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் குழப்பம் புரியாது. மலையின் முகடு மழைநீரை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே விழும் நீர் கொலராடோ ஆற்றில் சேர்ந்து பசிபிக் பக்கம் போகிறது. கிழக்கே விழும் நீர், வடக்கில் சவுத் பிளாட் ஆற்றின் வழியாகவும், தெற்கில் ஆர்கன்சா ஆற்றின் வழியாகவும் இறங்கி, மிசிசிப்பியோடு கலந்து மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. இவை ஒவ்வொன்றிலும் ஒருவகைக் கட்த்ரோட் தனித்து வாழ்ந்தது. ஒரு பாட்டன் வழிவந்து, ஊர் பிரிந்து, காலப்போக்கில் கொள்வினை கொடுப்பினை அற்றுப்போன பங்காளிகள் போன்றவை அவை. பார்வைக்கு ஒன்று, இரத்தத்தில் வேறு.

1858, 1859 ஆண்டுகளில் அங்கே பொன் கிடைக்கிறது என்ற செய்தி பரவி மக்கள் திரள் திரளாக மலையேறினார்கள். சுரங்கக் கழிவு ஓடையில் கலந்தது. வயலுக்கும் ஊருக்கும் தண்ணீரைத் திருப்பினார்கள். மீனைக் கணக்கின்றிப் பிடித்துத் தின்றார்கள். மீன் குறைந்ததும் அதற்குப் பரிகாரமாக வெளியிலிருந்து மீன் கொண்டுவந்து விட்டார்கள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்து புரூக் டிரவுட், பசிபிக் கரையிலிருந்து வானவில் டிரவுட், ஐரோப்பாவிலிருந்து பழுப்பு டிரவுட் எல்லாம் வந்து சேர்ந்தன. நோயைவிட மருந்து கொடியதாயிற்று. புரூக் டிரவுட் உணவிலும் இடத்திலும் போட்டியிட்டு ஊர்மீனின் குஞ்சுகளை ஒழித்தது. வானவில் டிரவுட் அதனோடு கூடிக் கலப்பினத்தை உண்டாக்கி, இனத்தின் அடையாளத்தையே கரைத்தது. 1885க்கும் 1953க்கும் இடையே அரசாங்க அமைப்புகள் கொலராடோவின் நீர்நிலைகளில் விட்ட மீன்கள் 75 கோடிக்கு மேல் என்று பழைய ஏடுகள் கூறுகின்றன. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 75 கோடியில் மேற்குச் சரிவைச் சேர்ந்த பங்காளி மீன்களும் அடக்கம். டிராப்பர்ஸ் ஏரி போன்ற இடங்களில் முட்டை எடுத்து, குஞ்சு பொரித்து, முகட்டுக்குக் கிழக்கேயும் தாராளமாகக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். டிரவுட் டிரவுட்தானே என்பது அன்றைய எண்ணம்.

1937ஆம் ஆண்டில் பச்சை முதுகு மீன் பூண்டற்றுப் போயிற்று என்று அறிவித்துவிட்டார்கள்.

பிறகு 1950களில், மலையுச்சியை ஒட்டிய சில ஓடைகளில் அதே சாயலுள்ள மீன்கள் அகப்பட்டன. மாண்டுபோனதாகக் கருதிய பிள்ளை மீண்டு வந்தாற்போல் மகிழ்ந்தார்கள். அவற்றைப் பிடித்து வளர்த்தார்கள். முட்டையெடுத்துக் குஞ்சு பொரித்தார்கள். ஓடை ஓடையாகக் கொண்டுபோய் விட்டார்கள். சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்தது. அழியும் ஆபத்திலுள்ள இனம் என்ற நிலையிலிருந்து 1978இல் அதைவிடச் சற்றுத் தேறிய நிலைக்கு மாற்றினார்கள். 1994இல் அதுவே கொலராடோவின் மாநில மீன் ஆயிற்று. இனி இந்த மீனுக்கு ஆபத்தில்லை, பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அறிவியலார், அதிகாரிகள், தூண்டில் போடும் அன்பர்கள் எல்லாரும் கைகோத்து ஓர் உயிரினத்தை மரண வாயிலிலிருந்து மீட்ட கதையாக அது சொல்லப்பட்டது.

அந்த நிலையில்தான் 2007ஆம் ஆண்டு வந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிகா மெட்கால்ஃப் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடன் இருந்தவர்களும், பச்சை முதுகு மீன் என்று நம்பப்பட்ட ஒன்பது கூட்டங்களின் மரபணுவை ஆராய்ந்தார்கள். அவற்றுள் ஐந்து, அந்த மீனே அல்ல என்று தெரிந்தது. முகட்டுக்கு மேற்கே வாழ்ந்த பங்காளி மீன்கள் அவை. எப்போதோ மனிதர் தூக்கிவந்து விட்டவற்றின் சந்ததி. அவற்றைத்தான் இத்தனை ஆண்டுகள் போற்றி வளர்த்திருந்தார்கள்.

ஒரு பேச்சுக்கு இப்படி வைத்துக்கொள்வோம். கடல் கடந்து சபர் போகும் ஒருவர், அண்டை வீட்டாரிடம் ஒரு பணமுடிப்பைத் தருகிறார். "என் தம்பி மகன் வருவான், அவன் கையில் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். காலம் கழிந்து ஓர் இளைஞன் வருகிறான். அதே பெயர், அதே முகச்சாயல். அண்டை வீட்டார் அமானிதத்தைக் கைமாற்றிவிட்டு நிம்மதியாக உறங்குகிறார். வந்தவன் ஏமாற்றுக்காரனும் அல்லன். தனக்கு உரியது என்று நம்பியே வாங்கிப் போனான். பல ஆண்டுக்குப் பின் உண்மையான தம்பி மகன் கிழிந்த சட்டையோடு வாசலில் வந்து நிற்கிறான். இப்போது அண்டை வீட்டாரின் நிலை என்ன? அவருடைய நிய்யத்து நல்லது, அதில் ஐயமில்லை. அவரைக் கள்வர் என்று எவரும் சொல்லார். ஆனால் "கொடுத்துவிட்டேனே, இனி எனக்கு என்ன" என்று அவர் கதவைச் சாத்த முடியுமா? முடியாது என்றே நம் மனம் சொல்கிறது. நல்லெண்ணம் அவர்மீது விழவிருந்த பழியைத் தடுத்துவிட்டது. வாசலில் நிற்பவனுக்குச் சேரவேண்டியது மட்டும் அப்படியே நிற்கிறது.

பழியும் கடனும் வேறுவேறு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். பழி நீங்கியதும் கடனும் நீங்கியதாக எண்ணிக்கொள்கிறோம். வீட்டிலும் ஊரிலும் நடக்கும் பல மனத்தாங்கல்களின் வேர் இங்கேதான் இருக்கிறது. "நான் நல்லதுக்குத்தானே செய்தேன்" என்று ஒருவர் சொன்னதும் பேச்சு முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எதிரே இருப்பவரின் இழப்பு அந்தச் சொல்லால் ஈடாகிவிடுவதில்லை.

மீண்டும் மீனுக்கு வருவோம். 2007க்குப் பிறகு அந்த ஆராய்ச்சியாளர்கள் ஓயவில்லை. உண்மையான பச்சை முதுகு மீன் எது என்பதை உறுதியாக அறிய அவர்கள் கையாண்ட வழி வியக்கத்தக்கது. ஓடைகளில் மீன் விடும் பழக்கம் பெருகுவதற்கு முன், 1857 முதல் 1889 வரையில், இயற்கை ஆய்வாளர்கள் அங்கே மீன் பிடித்துச் சாராயத்தில் ஊறப்போட்டு அருங்காட்சியகங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். நூறாண்டைத் தாண்டிய அந்தப் புட்டிகளைத் திறந்து, சிதைந்துபோன தசையிலிருந்து மரபணுத் துணுக்குகளைச் சேகரித்து ஒப்பிட்டார்கள். அதே காலத்தில் கிறிஸ் கென்னடி என்ற அரசாங்க மீன்வள அறிஞர், எந்த ஆண்டில் எந்த ஓடையில் யார் எந்த மீனை விட்டார் என்று பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். சில தவறுகளைத் திருத்தத் துணிவு போதும். இதற்குத் துணிவோடு தூசி படிந்த கணக்குப் புத்தகத்தின் முன் ஆண்டுக்கணக்கில் உட்காரும் பொறுமையும் வேண்டியிருந்தது.

2012இல் முடிவு வெளிவந்தது. உண்மையான பச்சை முதுகு மீன் சவுத் பிளாட் நீர்ப்பரப்புக்கு உரியது. அந்தப் பரப்பில் எங்கும் அதன் பழைய கூட்டம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உலகம் முழுவதிலும் அது எஞ்சியிருந்த இடம் ஒன்றே ஒன்று: கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரை அடுத்த பேர் கிரீக் என்னும் சிற்றோடையில் ஏறத்தாழ நான்கு மைல் நீளம். மீன்கள் ஏறத்தாழ 750. வேடிக்கை என்னவென்றால், அந்த ஓடை ஆர்கன்சா ஆற்றைச் சேர்ந்தது. அந்த மீனின் சொந்த ஊரே அல்ல.

அங்கே எப்படி வந்தது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜோசஃப் ஜோன்ஸ் என்ற விடுதிக்காரர் ஒருவர், பைக்ஸ் பீக் என்னும் சிகரத்தைக் காணவரும் பயணிகளைக் கவர்வதற்காக, வேறிடத்திலிருந்து மீன் கொண்டுவந்து தம் குளத்திலும் ஓடையிலும் விட்டார். அவ்வளவுதான். இனத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குக் கனவிலும் இருந்திருக்காது. வாடிக்கையாளர் தட்டில் மீன் இருக்க வேண்டும், கல்லாவில் காசு விழ வேண்டும் என்பதே அவர் நோக்கமாக இருந்திருக்கும். அவர் செய்தது, ஏனையோர் செய்து நாசம் விளைவித்த அதே காரியம்: ஓரிடத்து மீனை வேறிடத்தில் விடுவது. ஆனால் அவர் கையால்தான் அந்த இனம் பிழைத்தது.

இங்கே நம் வினா இன்னும் சிக்கலாகிறது. உயர்ந்த நோக்கத்தோடு பல்லாண்டு உழைத்தவர்கள் தவறான மீனை வளர்த்தார்கள். இலாப நோக்கத்தோடு சில வாளி மீனைக் கவிழ்த்தவர் சரியான மீனைக் காப்பாற்றினார். விளைவை மட்டும் பார்த்து மதிப்பிடுவோர், விடுதிக்காரருக்கு மாலை சூட்டி, அறிஞர்களை ஒதுக்கிவிட வேண்டியிருக்கும். நமக்கு அதில் உடன்பாடில்லை. தற்செயலாக விழுந்த பழத்துக்காக, மரத்தின்மீது கல்லெறிந்தவனைப் பாராட்டுவதில்லை. ஆனால் எண்ணம் ஒன்றே போதும் என்போருக்கும் இக்கதை ஓர் இடறல். எண்ணம் மட்டும் போதுமென்றால் 2007இல் யாரும் எதையும் ஆராய்ந்திருக்கத் தேவையில்லை. மீன்கள் பெருகியிருந்தன, மக்கள் மகிழ்ந்திருந்தார்கள், கோப்பு மூடப்படவிருந்தது. பேர் கிரீக்கில் உண்மையான மீன் யாரும் அறியாமல் ஒருநாள் வெள்ளத்திலோ வறட்சியிலோ முடிந்து போயிருக்கும். அதன் பெயரில் வேறொன்று மாநிலச் சின்னமாக விளங்கிக்கொண்டிருக்கும்.

ஆகவே நம் பார்வையில், அந்த மனிதர்களின் நிய்யத்தின் உண்மை சோதிக்கப்பட்ட நாள், அவர்கள் முதல் மீனை ஓடையில் விட்ட நாளல்ல. கசப்பான முடிவு கையில் வந்த நாளே. அதை மறைப்பதற்கு வேண்டிய காரணங்கள் யாவும் அவர்களிடம் இருந்தன. செலவிட்ட பணத்துக்குக் கணக்குக் கேட்பார்கள். இயற்கைப் பாதுகாப்பே வீண் என்போர் கைகொட்டிச் சிரிப்பார்கள். பல்லாண்டு உழைத்த மூத்தவர்களின் மனம் புண்படும். இவற்றையெல்லாம் மீறி அந்த முடிவு அச்சேறியது. அதனை ஏற்கத் தயங்கியவர்களும் இருந்தார்கள், வாதங்கள் நடந்தன, அது இயல்பே. ஆனால் இறுதியில் வேலையை முதலிலிருந்து தொடங்கினார்கள். நம்மிடையே ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கையில் நாம் செய்தது தவறு என்று ஒரு வரி எழுதச் சொன்னால் எத்தனை பேர் கையெழுத்திடுவார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கடந்துபோனால் நாம் நேர்மையாக எழுதியவர்கள் ஆகமாட்டோம். ஓடையில் ஊர்மீனை விடுவதற்கு முன், அங்கே குடியேறிவிட்ட அயல் மீன்களை அகற்ற வேண்டும். வலையால் முழுவதும் அகற்ற இயலாது. நஞ்சைக் கலக்கிறார்கள். ரோட்டனோன் என்ற அது ஒருவகைக் கொடிகளின் வேரிலிருந்து கிடைப்பது. மீனின் மூச்சைத் தடுத்துவிடும். நம் நாட்டில் மீன் வளர்ப்போர் குளத்தைச் சுத்தம் செய்ய இலுப்பைப் புண்ணாக்கு இடுவது போன்றதே. கீழ்ப்பக்கத்தில் பெர்மாங்கனேட் கலந்து அந்த நஞ்சை முறித்துவிடுவார்கள். எனினும் நடுவில் அகப்பட்ட மீன்கள் யாவும் மடியும். அந்தப் புரூக் டிரவுட் செய்த குற்றம் என்ன? அது தானாக வரவில்லை. அதன் மூதாதையரை மனிதன்தான் தூக்கிவந்தான். முன்னைய முயற்சியிலும் இவ்வாறே ஓடைகளில் நஞ்சிட்டார்கள்; பல இடங்களில் அது தவறான மீனுக்கு இடம் செய்வதற்காக நடந்தது. அந்த உயிர்கள் எதற்காக மடிந்தன என்று கேட்டால் பதில் இல்லை.

கொல்லவே கூடாது என்று சொல்லிவிடுவது எளிது. சொல்லிவிட்டால் மனம் இலேசாகும். ஆனால் புரூக் டிரவுட்டுக்குக் கிழக்கு அமெரிக்காவில் தாய்வீடு இருக்கிறது. அங்கே அதன் இனம் தொடரும். பச்சை முதுகு மீனுக்கு வேறு வீடு இல்லை. ஓர் உயிர் மடிவதும், ஓர் இனத்தின் வாசலே அடைபடுவதும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக்கூடியவை அல்ல என்றே நாம் கருதுகிறோம். அவ்வாறு கருதும்போதும் கை நடுங்கத்தான் வேண்டும். முன்னோர் விளைத்த குழப்பத்தைப் பின்வந்தோர் கையால் தீர்க்கும்போது அதன் விலையை, இரண்டிலும் பங்கில்லாத ஊமைப் பிராணி கொடுக்கிறது. அதனால்தான் இத்தகைய வேலையில் ஆள் அடையாளத்தைச் சரியாகத் தெரிந்துகொள்வது வெறும் ஆராய்ச்சி ஆசையாக இருக்க முடியாது. தெரிந்துகொள்ளாமல் நஞ்சிடுவது பெரும் பிழை.

இரண்டும் கட்த்ரோட்டே, கண்ணுக்கு வேறுபாடும் தெரியவில்லை, இதற்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஆர்கன்சா ஆற்றின் கதையைச் சொல்லலாம். அந்த ஆற்றின் தலைப்பகுதியில் உள்ள இரட்டை ஏரிகளில் மஞ்சள் துடுப்புக் கட்த்ரோட் என்ற பெரிய மீன் ஒன்று வாழ்ந்தது. 1889இல் டேவிட் ஸ்டார் ஜோர்டன் என்ற அறிஞர் அதனைக் கண்டு பதிவு செய்தார். வானவில் டிரவுட் அங்கே விடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகளுக்குள் அந்த மீன் இல்லாமற் போயிற்று. அது தனி இனமாக இருந்தது என்று உறுதிப்படுத்தியதும் அந்தப் பழைய புட்டிகளே. புட்டியில் இருப்பதைத் தவிர இன்று அதில் எதுவும் மிச்சமில்லை.

பேர் கிரீக்கில் அடுத்து நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஓடையை ஒட்டிய பாதைகளில் மோட்டார் சைக்கிள்கள் ஓடி மண்ணைக் கரைத்து, மீன் தங்கும் மடுக்களைத் தூர்த்துக்கொண்டிருந்தன. வழக்கு எழுந்தது, வண்டிகள் நிறுத்தப்பட்டன, பாதைகள் ஓடையைவிட்டு விலக்கி அமைக்கப்பட்டன. அங்கிருந்து சில மீன்களை எடுத்து லெட்வில் முதலிய இடங்களின் பொரிப்பகங்களில் வளர்த்தார்கள். சிறு கூட்டத்துக்குள்ளேயே நெடுங்காலம் இனம் பெருக்கியதால் முட்டைகள் பல பொரியவில்லை; பொரித்த குஞ்சுகளிலும் ஊனமுற்றவை மிகுதி. விடாமல் முயன்று, 2014இல் சவுத் பிளாட் பரப்பைச் சேர்ந்த சிம்மர்மன் ஏரியில் முதன்முறையாக விட்டார்கள். நூறாண்டுக்கு மேல் வெளியூரில் இருந்த குடும்பம் சொந்த மண்ணில் கால் வைத்தது.

பிறகு டென்வர் நகருக்கு மேற்கே ஹெர்மன் கல்ச் என்ற மலையோடையைத் தேர்ந்தெடுத்து, அயல் மீன்களை அகற்றி, 2016 முதல் ஆண்டுதோறும் குஞ்சுகளை விட்டு வந்தார்கள். வாகனம் போகாத பாதை. தண்ணீர் நிறைந்த பைகளில் குஞ்சுகளை இட்டு, ஊதியம் பெறாத தொண்டர்கள் முதுகில் சுமந்து மலையேறினார்கள். அவர்களுள் சிலர் முன்பு தவறான மீனையும் இப்படியே சுமந்தவர்களாக இருக்கக்கூடும். விட்ட குஞ்சுகள் வளர்கின்றனவா என்பதோடு, தாமே முட்டையிட்டுப் பெருகுகின்றனவா என்பதே கேள்வியாக இருந்தது. 2022 செப்டம்பரில் கொலராடோ வனவிலங்குத் துறை அதற்கு விடை சொன்னது. ஹெர்மன் கல்ச்சில், எந்தப் பொரிப்பகத்தின் கணக்கிலும் இல்லாத, யாரும் சுமந்து வராத குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன.